பீடத்தில் வைத்த முதல் கோல்

அன்புள்ள மகளுக்கு,

அன்றைக்கு நீ போனில் சொன்ன ‘சரி’, எதற்குச் சொன்ன சரி? இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீ பேசும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். உன் நைனா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்கான ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். “பாப்பா, முதல் கோலை அறுப்பின் பண்டிகைக்கு வெக்கலாமா?” என்று கேட்டார். நீ திருப்பதியில் பட்டறையில் நின்றுகொண்டிருந்தாய். பின்னால் யாரோ இரும்பை ராவும் சத்தம் வந்தது. “சரி நைனா, வைங்க” என்றாய். கேட்டது, சொன்னது இரண்டும் எனக்குத் தெளிவாகவே காதில் விழுந்தன. அதற்குப் பிறகு நீங்கள் இருவரும் அந்த ஒரு சொல்லை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள். நடுவில் நின்று பார்க்கும் எனக்கு, அது யார் பக்கம் சேர்ந்தது என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

நாளை நாம் மூவரும் திருப்பதியில் காப்புரிமை ஏஜெண்ட் மேடத்தின் அலுவலகத்தில் உட்காரப் போகிறோம். அவர் இரண்டு உறுதிமொழிப் பத்திரங்கள் தயாரித்து அனுப்பியிருக்கிறார். ஒன்று உனக்கு. மாங்காய் பறிக்கும் கோலை நீ கண்டுபிடித்ததாகவும், உன் அனுமதி இல்லாமல் அது பொது இடத்தில் காட்டப்பட்டதாகவும் அதில் இருக்கிறது. மற்றது அவருக்கு. மகளின் அனுமதி இல்லாமல் நானாகவே எடுத்துச் சென்று காட்டினேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். இரண்டிலும் கையெழுத்து விழுந்தால் உன் கோல் உன்னுடையதாக ஒரு வழி இருக்கிறது. விழாவிட்டால் அது இனி எல்லோருடையதும். இவ்வளவுதான் விஷயம். சின்னதாகத் தோன்றுகிறது இல்லையா? ஆனால் நீ வராமல், இருபது நாளாக இந்த வீட்டில் சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டுக்கு மேல் வைக்கவில்லை. நீ போனை எடுத்தாலும் என்னோடு மட்டும்தான் பேசுகிறாய்.

உனக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் விளக்கி எழுதுகிறேன். பிள்ளைகள் எதையாவது புதிதாகச் செய்துகொண்டிருக்கும் வேறு பெற்றோர் கண்ணிலும் இந்தக் கடிதம் படட்டும் என்று ஆசை. உன் நைனா புத்தலப்பட்டு ரோட்டில் உள்ள பழக் கிடங்கில் சூப்பர்வைசர். லாரி லாரியாக வரும் பேனிஷா மாங்காயில் கறுப்புக் கோடு விழுந்த காய்களைத் தனியே தள்ளுவது அவர் வேலை. காம்பை உடைத்ததும் பீய்ச்சும் பால் தோலில் வழிந்தால், அந்த இடம் வெந்து கறுத்துவிடும். காயின் தோலுக்கு ஆகிற கதியே பறிப்பவர்களின் கைக்கும் கழுத்துக்கும் ஆகும். சித்தூர் பக்கம் மாம்பழக் காலத்தில் முகத்தில் கொப்புளத்தோடு பெண்கள் பஸ் ஏறுவதை நீ சிறுவயதிலிருந்தே பார்த்தவள். வேதியியல் சொல்லிக்கொடுக்கிற நான், அந்தப் பால் ஏன் சுடுகிறது என்று வகுப்பில் கரும்பலகை நிறைய எழுதுவேன். அதைச் சுடாமல் செய்ய ஒருநாளும் யோசித்ததில்லை. உன் நைனா ஒருமுறை உன்னிடம், “இவ்ளோ படிக்கிறியே பாப்பா, இந்தக் கறைக்கு ஒரு வழி பண்ணக் கூடாதா?” என்று குறைப்பட்டுக்கொண்டார். பொறியியல் முடித்து இரண்டு வருடம் கழித்து, ஒரு கோலோடு வந்தாய்.

கோலின் நுனியில் இரண்டு கத்திகள். மேல் கத்தி காம்பை நீளமாக விட்டு நறுக்கும். அதே இழுப்பில் ஒரு வளையம் காயைப் பிடித்துத் தலைகீழாகப் புரட்டும். காம்பு தரையைப் பார்த்த பிறகுதான் இரண்டாவது கத்தி அதை ஒட்ட நறுக்கும். பீய்ச்சுகிற பால் காயின்மேல் படாமல், ஆளின்மேலும் படாமல், ஒரு குழாய் வழியாக எட்டப் போய் விழும். நீ அதை நம் சின்னத் தோப்பில் காட்டியபோது நான் வழக்கம்போல நம்பவில்லை. பத்துக் காய் பறிக்கச் சொன்னேன். மறுநாள் காலையில் எழுந்து பத்தையும் வெளிச்சத்தில் பார்த்தேன். ஒன்றிலும் கோடு இல்லை. “நல்லாருக்கு” என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். நைனாவோ தெருவில் போன பால்காரரை நிறுத்தி வைத்து விளக்கினார். பார், அப்போதே அவர் விளக்கத் தொடங்கிவிட்டார். நீயும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாய்.

காப்புரிமை என்றால் என்ன என்று நான் உன் விஷயத்துக்காகவே சட்டத்தை வாங்கிப் படித்தேன். அது நான் நினைத்தது போல இல்லை. புதிதாக ஒன்று கண்டுபிடித்தவர் பெட்டிக்குள் பூட்டி வைக்க அரசு உதவுகிறது என்று எண்ணியிருந்தேன். அது ஒரு கொடுக்கல் வாங்கல். கண்டுபிடித்தவர் எதையும் மறைக்காமல், அந்தத் துறை தெரிந்த இன்னொருவர் படித்துச் செய்யும்படியாக, முழுவதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஈடாக, விண்ணப்பித்த நாளிலிருந்து இருபது வருடம், அவர் அனுமதி இல்லாமல் மற்றவர்கள் அதைச் செய்யவோ விற்கவோ கூடாது என்று தடுக்கும் உரிமையை அரசு கொடுக்கிறது. இருபது வருடம் முடிந்ததும் அது ஊருக்குச் சொந்தம். அந்தப் பத்திரம் தானாகப் போய் யாரையும் தடுக்காது. எவராவது மீறினால் நாம்தான் கோர்ட்டுக்குப் போக வேண்டும். ஆண்டுதோறும் கட்டணம் கட்டாவிட்டால் உரிமை நின்றுபோகும். இந்தியாவில் வாங்கியது இந்தியாவுக்குள் மட்டும்தான். இதையெல்லாம் படித்தபோது, இதற்காகவா இவ்வளவு பாடு என்று எனக்குத் தோன்றியது உண்மை. ஆனாலும் ஒரு பெண் தன் கையால் செய்ததன்மேல் ‘இவள்தான் கண்டுபிடித்தவள்’ என்று சட்டம் பெயர் எழுதி வைக்கும் வேறு இடம் எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சட்டத்தின் முதல் நிபந்தனையில்தான் நாம் இடறி விழுந்தோம். கண்டுபிடிப்பு புதியதாக இருக்க வேண்டும். புதியது என்றால் விண்ணப்பம் போடும் நாளுக்கு முன் உலகத்தில் எங்கும் வெளியாகி இருக்கக் கூடாது. அந்நியர் வெளியிட்டாலும் போச்சு, சொந்த வாயால் சொன்னாலும் போச்சு. அந்த மேடம் ஆரம்பத்திலேயே, “ஃபைல் பண்ற வரைக்கும் யாருக்கும் காட்டாதீங்க” என்று உன்னிடம் சொல்லியிருந்தார்களாம். நீ அதை எங்களிடம் சொல்லவில்லை. ‘நைனாவுக்கும் அம்மாவுக்கும் இதைச் சொல்லணுமா என்ன’ என்று நினைத்திருப்பாய். குடும்பத்துக்குள் ரகசியம் என்று தனியாக எதற்கும் பெயர் வைக்காமலே வளர்ந்தவள் நீ. முதலில் செய்து முடித்த கோலை, தோப்பில் பழக்கிப் பார்க்கட்டும் என்று நைனாவிடமே விட்டுவிட்டுப் போனாய்.

விளைச்சலின் முதல் பலனைப் பீடத்தில் படைத்து, பிறகு சபைக்காக ஏலம் விடும் அறுப்பின் பண்டிகைக்கு நீ சித்தூர் சபைக்கு வந்து ஏழெட்டு வருடம் இருக்கும். இந்த முறை நடந்ததை நீ யூடியூபில்தான் பார்த்தாய். எதிரில் உட்கார்ந்து பார்த்தவள் நான். பீடத்துக்கு முன்னால் வழக்கம்போல பூசணி, வாழைத்தார், தேங்காய்க் குவியல், காலைக் கட்டிய இரண்டு சேவல், யாரோ சுட்ட கேக். அவற்றுக்கு நடுவே பழைய பீடத் துணியைச் சுற்றிக்கொண்டு உன் கோல் நின்றது. ஜெபம் முடிந்து ஏலம் ஆரம்பமானது. செயலாளர் கோலை எடுத்துத் தூக்கிப் பார்த்து, “இது இன்னா அண்ணே, மீன் புடிக்கிறதா? நம்ம நீவா நதியில தண்ணியே இல்லியே!” என்றார். சபை சிரித்தது. நைனா எழுந்து முன்னால் போனார். “மாங்கா பறிக்கிற கோலு. எங்க பாப்பா கண்டுபுடிச்சது. இதுதான் முதல்ல செஞ்சது. முதற்பலன் கர்த்தருக்கு” என்றார். அவர் குரல் அவ்வளவு தழுதழுத்து நான் கேட்டதில்லை.

அதோடு விட்டிருந்தால் இன்று நான் இந்தக் கடிதம் எழுத வேண்டியதில்லை. “கண்டுபுடிச்சான்னா எப்படி? சொல்லாம யாரு ஏலம் கேப்பாங்க?” என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கூவினார். “சும்மா கோலுக்கு எங்கூட்டு மூங்கிலே கீதே!” என்றார் இன்னொருவர். போதாதா இவருக்கு? வாழைத்தாரை ஒருவர் தூக்கிப் பிடிக்க, அதன் காம்பில் கத்தியை மாட்டி, இப்படி இழுத்தால் இது வெட்டும், இது புரட்டும், அதன்பிறகுதான் இது வெட்டும் என்று ஞாயிறு பள்ளியில் கதை சொல்வதுபோலச் சொன்னார். வாழைக்காய் புரளாமல் அடம்பிடித்தது. “மாங்கா இருந்தா கரெக்டா புரளும்” என்று சொல்லி, முதற்பலனாக வந்திருந்த கூடையிலிருந்து ஒரு மாங்காயை எடுத்து மறுபடியும் காட்டினார். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்காக வாலிபர் சங்கத்தினர் ஆராதனையை நேரலை செய்வார்கள் இல்லையா, அவர்களைக் கூப்பிட்டு, “கிட்ட வாங்கப்பா, கத்தி தெரியட்டும்” என்றார். கேமராவும் கிட்டே போனது. பிறகு ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். சேவலையும் கேக்கையும் விட அதிகத்துக்குப் போனது. நான் என் இருக்கையில் உட்கார்ந்து கைதட்டினேன். சட்டம் தெரியாததால் தட்டினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். தெரிந்திருந்தாலும், அந்த நேரத்தில் எழுந்து அவர் கையைப் பிடித்திருப்பேனா என்பது சந்தேகமே.

நீ செவ்வாய்க்கிழமை அந்த வீடியோவைப் பார்த்தாய். அன்று நீ நைனாவிடம் பேசியதை நான் இங்கே எழுதப் போவதில்லை. “என்னுத எடுத்து ஏலம் போட்டுட்டீங்க” என்ற ஒரு வாக்கியம் போதும். அவர் பதிலுக்கு, “கேட்டுத்தானே வெச்சேன் பாப்பா” என்றார். ஜெபம் பண்ணிவிட்டுக் கோலைத் திரும்ப வாங்கிக்கொள்வீர்கள் என்றுதான் நினைத்தேன் என்றாய். புது ஸ்கூட்டர் சாவியை ஆயர் கையில் கொடுத்து ஜெபித்து வாங்குவோமே, அதுபோல. பண்டிகைக்கு வைத்தது ஏலத்துக்குப் போகும் என்பது உனக்குத் தெரியாதா என்று அவர் கேட்டார். நீ போனை வைத்துவிட்டாய். தெரியும்தான். சிறுவயதில் நீயே ஒரு முயல்குட்டியை வைத்துவிட்டு, அது ஏலத்தில் போனதும் வீடுவரை அழுதுகொண்டே வந்தவள். ஆனால் இரும்பு ராவும் சத்தத்துக்கு நடுவில், வேலை ஓட்டத்தில், அந்த நொடியில் அது உன் நினைவுக்கு வந்ததா? அதைத்தான் நான் கண்டுபிடிக்க முடியாமல் இருக்கிறேன். உனக்கே அது இப்போது தெரியுமா என்றும் எனக்குச் சந்தேகம்.

ஏஜெண்ட் மேடத்திடம் நானும் ஒருமுறை தனியாகப் பேசினேன். நல்ல மனுஷி, வேடிக்கையாகவும் பேசுகிறார். “மத்திய அரசு கெஜட்ல அறிவிச்ச கண்காட்சியில காட்டியிருந்தா ஒரு வருஷம் டைம் இருக்கும்மா. உங்க சர்ச் பண்டிகைய கெஜட்ல போட மறந்துட்டாங்க போல” என்றார். பிறகு கதவு இன்னும் முழுதாகச் சாத்தவில்லை என்று விளக்கினார். கண்டுபிடித்தவரிடமிருந்து போன ஒன்றை, அவருடைய அனுமதி இல்லாமல் வேறொருவர் வெளியிட்டிருந்தால், அதைக் காரணம் காட்டி உரிமையை மறுக்கக் கூடாது என்று சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அதை நாம் நிரூபிக்க வேண்டும். தெரிந்தவுடன் தாமதம் இல்லாமல் விண்ணப்பமும் போட வேண்டும். ஏலத்தில் விற்றது ஒரு தொல்லை, அதற்கு அவர் வாதாடிப் பார்ப்பார். “அப்பா மகள் சண்டைக்கெல்லாம் சட்டம் காத்திருக்காது. ஒவ்வொரு நாளும் நமக்கு எதிராத்தான் போகுது” என்றார். நைனாவையும் கண்டுபிடித்தவராகச் சேர்க்க முடியுமா என்று நான் அசட்டுத்தனமாகக் கேட்டேன். முடியாதாம். குறையைச் சொல்கிறவர் கண்டுபிடித்தவர் ஆகமாட்டார், வழியைக் கண்டவர்தான் ஆவார். நைனாவிடம் இதைச் சொன்னபோது, “கரெக்டுதானே, நான் இன்னா செஞ்சேன்? புலம்பினதோட சரி” என்றார்.

நீ அறியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். பத்திரம் வந்த அன்றைக்கே கையெழுத்துப் போட அவர் ஒப்புக்கொண்டார். வாசிக்கக்கூட இல்லை. “அவளுக்கு எது வேணுமோ எழுதிக்கட்டும். போடறேன்” என்றார். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிக்க அவர் முறை. ஆயரிடம் போய், இந்த மாதம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காரணம் கேட்டதற்குத் தொண்டை சரியில்லை என்றார். வீட்டில் நான் விடவில்லை. “தன்னுது இல்லாத பொருள எடுத்துக்கினு போயி பீடத்துல வெச்சவன்னு சத்தியம் பண்ணப் போறேன். அப்புறம் அங்க நின்னு இன்னா வாசிக்கிறது?” என்றார். சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினார். எனக்குச் சபை விஷயங்களில் அவரைப் போல உறுதி கிடையாது என்பது உங்கள் இருவருக்கும் தெரியும். ஞாயிறு காலை அவருக்காகப் போகிறேன், பாட்டுக்காகப் போகிறேன். ஆனாலும் நீ கேட்கும் கையெழுத்துக்கு அவர் கொடுக்கும் விலை என்ன என்று உனக்குத் தெரியாமல் நீ அதை வாங்கக் கூடாது என்று தோன்றியது.

இதைச் சொன்னதால் நான் அவர் பக்கம் என்று முடிவு கட்டாதே. நான் எம்.எஸ்ஸி படிக்கும்போது, திருப்பதியில் எங்கள் ஆய்வகத்தில் ஒரு கரைசலைப் பிரிக்க எல்லோரும் ஒரு நாள் முழுக்கச் செலவழிப்போம். அரை நாளில் முடிக்க ஒரு வழி எனக்குத் தட்டுப்பட்டது. எங்கள் பேராசிரியரிடம் காட்டினேன். “இதை நம்ம கட்டுரையில சேர்த்துக்கலாமா அம்மா?” என்று கேட்டார். சரி சார் என்றேன். கட்டுரை வந்தது. என் பெயர் எங்கும் இல்லை. ‘சேர்த்துக்கொள்ளலாமா’ என்பதில் என் பெயரும் சேரும் என்று நான் நினைத்தேன். அவர் அப்படி நினைக்கவில்லை. அவரைத் திருடன் என்று நான் இன்றும் சொல்ல மாட்டேன், கேட்டுத்தான் எடுத்துக்கொண்டார். ஆனால் அந்த இதழ் நூலகத்தில் இருக்கும் வரிசைப் பக்கமே நான் பிறகு போகவில்லை. உன் கோபம் எனக்குப் புரியவில்லை என்று மட்டும் நினைக்காதே. எனக்கு அது உன் நைனாவைவிட நன்றாகவே புரியும். அவர் செய்த எதையும் யாரும் எடுத்துக்கொண்டதில்லை. அவர் எல்லாவற்றையும் தானே கொடுத்துவிடுகிற ஆள்.

அந்த நாளிலிருந்து நான் ஒன்றை மட்டும் கவனித்து வருகிறேன். நம்மைப் போன்ற வீடுகளில், கேட்பவருக்குத் தான் எதைக் கேட்கிறோம் என்று முழுதாகத் தெரிவதில்லை. சொல்பவருக்குத் தான் எதற்குச் சம்மதிக்கிறோம் என்பதும் தெரிவதில்லை. என் நிச்சயதார்த்தத்துக்கும் அப்படித்தான் சரி சொன்னேன். நல்லபடியாக முடிந்தது, அது வேறு கதை. சட்டம் அனுமதி உண்டா இல்லையா என்று கேட்கும்போது, அது ஒரு கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று கேட்பதுபோலக் கேட்கிறது. அதில் தப்பு இல்லை. அதற்கு ஒரு பதில் வேண்டும். உனக்கு இருபது வருடம் கொடுக்க வேண்டுமா இல்லையா என்று அது தீர்மானிக்க வேண்டும்.

அதனால் நாளைக்கு நீ கையெழுத்து வாங்கு என்றோ, வாங்காதே என்றோ நான் சொல்லப் போவதில்லை. உன் உரிமையை நைனாவின்மேல் உள்ள பாசத்துக்காக விட்டுக்கொடு என்று சொல்லும் அம்மாவாக இருக்க எனக்கு விருப்பம் இல்லை. அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் நம் பெண்கள் எத்தனையோ விட்டுவிட்டார்கள். நான் கேட்பது ஒன்றுதான். அந்தக் காகிதத்தை ஏஜெண்டின் கிளார்க் நீட்டி, அவர் தலை குனிந்து கையெழுத்துப் போட்டு, நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும்படி நடக்கக் கூடாது. அவர் முகத்தைப் பார்த்து வாங்கு. என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு நீயே சொல்லு. சொல்ல முடிந்தால் அது உண்மையாக இருக்கும் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். இன்னொன்று, இது நடைமுறை யோசனை. இனிமேல் எதையாவது வெளியில் சொல்லக் கூடாது என்றால், வீட்டுக்குள் முதலில் சொல். எங்களால் ரகசியம் காக்க முடியும். அது ரகசியம் என்று தெரிந்தால் போதும். யாராவது இதைப் பார்த்துச் செய்துவிடுவார்கள் என்று நீ பயப்படுகிறாய். அந்த வீடியோவை நம் சொந்தக்காரர்களைத் தவிர யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். அப்படிப் பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

இந்தக் கடிதத்தைக் காலையில் காரில் உன்னிடம் கொடுப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

அம்மா

மறுநாள் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

கடிதத்தைக் கொடுக்கவில்லை. நீ திருப்பதியில் உன் அறையிலிருந்து நேராக ஏஜெண்ட் அலுவலகத்துக்கு வந்துவிட்டாய். மேடம் உன் பத்திரத்தை ஆங்கிலத்தில் படித்தார், நீ தலையாட்டினாய். பிறகு நைனாவுடையதை அவர் பக்கம் நகர்த்தினார். நைனா பேனாவை எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விரலை ஒரு வரியில் வைத்தார். “சத்தியம் பண்ணிப் போடறது. இந்த ஒரு வரிய தமிழ்ல சொல்லு பாப்பா” என்று உன்னிடம் கேட்டார். அவர் ஆங்கிலம் படிப்பார் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே காதால் கேட்க விரும்பினார்.

நீ ஆரம்பித்தாய். “என் மகளுக்குச் சொந்தமான கோலை, அவள்...” அதற்கு மேல் உன்னால் போக முடியவில்லை. மேடம் போனைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார். நைனா காத்திருந்தார். கடைசியில், “நான் வைங்கன்னு சொன்னேன் நைனா” என்றாய்.

“நீ வைங்கன்னுதான் சொன்ன. நான்தான் ஏலம் போவும்னு சொல்லல. புரட்டிக் காட்டறேன்னு சொல்லல. கேமராவ கிட்ட கூப்புடப் போறேன்னும் சொல்லல” என்றார் அவர். பிறகு மேடத்திடம், “இதையே எழுதுங்கம்மா. அவ சொன்னதுக்கு மேல நான் செஞ்சேன். அதுக்கு நான் சத்தியம் பண்றேன்” என்றார்.

“சார், இது அரைக் கதவு” என்றார் மேடம். “அனுமதியே இல்லன்னு இருந்தாத்தான் எனக்குப் புடி கிடைக்கும். இதுல எக்ஸாமினர் ஒத்துக்குவாரா இல்லியான்னு என்னால சொல்ல முடியாது.”

“நான் சரின்னு சொன்னதையும் சேர்த்துக்குங்க மேடம்” என்றாய் நீ. தயங்கவில்லை.

அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “உங்க குடும்பத்துக்கு வக்கீலா இருக்கறது ரொம்ப கஷ்டம்” என்று சொல்லிவிட்டு மறுபடியும் தட்டச்சு செய்தார். கைப்பிடிக்குள் இருக்கும் சின்னப் பல்சக்கரத்தைப் பண்டிகையன்று யாரும் திறந்து பார்க்கவில்லை என்பதால், அதைத் தனி உரிமையாகக் கேட்டுச் சேர்த்தார். மற்றதெல்லாம் போனாலும் அது நிற்கலாம் என்றார். மதியத்துக்குள் விண்ணப்பம் போய்விட்டது. எண் வந்தது. முழுக் கோலும் உனக்குக் கிடைக்குமா, பாதியா, ஒன்றுமே இல்லையா என்று தெரிய வருடங்கள் ஆகும். நீ வீட்டுக்கு வருகிறேன் என்று பையைக் காரில் போட்டாய்.

புத்தலப்பட்டு தாண்டும்போது நீதான் முதலில் பார்த்தாய். ரோட்டோர வெல்டிங் கடைச் சுவரில் நாலைந்து கோல்கள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. இரண்டு கத்தி, வளையம், குழாய். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நான் நேற்று எழுதியது தப்பு. நைனா காரை நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். நீ இறங்கிப் போய் ஒன்றைக் கையில் எடுத்தாய். அவரும் பின்னாலேயே வந்தார், நானும் வந்தேன்.

“யூடியூப்ல பாத்தேம்மா” என்றார் கடைக்காரர் தெலுங்கும் தமிழுமாக. “சர்ச்சில ஒரு பெரியவரு எவ்ளோ நல்லா சொல்றாரு தெரியுமா? ஒரு தடவ பாத்தா போதும், செஞ்சிடலாம்.” எதிரில் நிற்பவர் அந்தப் பெரியவர் என்று அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நைனா தரையைப் பார்த்தார்.

நீ சத்தம் போடுவாய் என்று நான் நினைத்தேன். நீ குழாயில் விரலை விட்டுப் பார்த்தாய். “அண்ணா, குழாயக் கோலோட ஒட்டி பத்தவெச்சிருக்கீங்க. பாலு கோல்மேலயே வழிஞ்சி கைக்கு வரும். பறிக்கிறவங்க கை வெந்து போவும்.”

“சொல்லலாமா பாப்பா?” என்று நைனா உன் காதருகே கேட்டார்.

“இன்னிக்கு சொல்லலாம் நைனா. எண் வந்துடுச்சி” என்றாய். குழாயை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று காட்டினாய். அது உன் கண்டுபிடிப்பு என்றும், விண்ணப்பம் போட்டிருப்பதாகவும், உரிமை கிடைத்தால் அவர் உன்னைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்றும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாய். “கெடைக்கட்டும்மா, அப்ப பாத்துக்கலாம்” என்று அவர் சிரித்தார். நீ சிரிக்கவில்லை. அவருடைய சிரிப்பும் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. கோல்களைத் திரும்பிப் பார்த்தார். “ரெண்டு கோலு நேத்து வித்துட்டேனே. அவங்க இந்நேரம் பறிக்க ஆரம்பிச்சிருப்பாங்க” என்றார்.

“யாரு வாங்கினாங்க?” என்று நைனா கேட்டார்.

ஏரிக்குப் பின்னால் இருக்கும் தோப்பு என்று அவர் கை காட்டினார். கார் போகாது. ஒட்டியிருக்கும் குழாயை அறுத்துத் திருப்ப, நீ அவருடைய இரும்பு ரம்பத்தை இரவல் கேட்டு வாங்கினாய். வரப்பில் முதலில் நைனா, பின்னால் நீ. மரத்தடியில் ஆட்கள் தெரிந்ததும், “கோல கீழ வைங்க! யாரும் பறிக்காதீங்க!” என்று இரண்டு பேரும் ஒன்றாகக் கத்திக்கொண்டு ஓடினீர்கள்.